கிரேக்க அலமாரி

"தியாகு அண்ணே, மறுபடியும் மாத்தி வச்சிருக்குண்ணே! வந்து பாருங்க!"

கமலவேணி போட்ட சத்தத்தில் தியாகு வெள்ளை மைக்கூட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தார். அவள் நூலகக் கிளார்க். அவர் புத்தக முதுகில் எண் எழுதுகிறவர். மலாக்காவில் காஜா பெராங் சாலையில் திறக்கப்போகும் புது நூலகத்துக்குத் தெங்கேரா பங்களாத் துரை ஒருவர் தம்முடைய கிரேக்க, லத்தீன் புத்தகங்களை எல்லாம் எழுதிவைத்துவிட்டுக் கண்ணை மூடிவிட்டார். பின்னறையில் உட்கார்ந்து அவற்றோடு மல்லுக்கட்டுவது இந்த இருவரின் தலையெழுத்து.

"எதை மாத்தியிருக்கு?"

"கிரேக்க நாடகங்களைத்தான். எல்லாம் இங்கிலீஷ்ல மொழிபெயர்த்தது. படிக்கிறவங்க இங்கிலீஷ்லதானே படிக்கப் போறாங்கன்னு இங்கிலீஷ் இலக்கியத்துல வச்சேன், எண்ணூத்தி இருபதாம் நம்பர் தட்டுல. இப்ப பார்த்தா கிரேக்க அலமாரியில, எண்ணூத்தி எண்பதுல போய் உக்காந்திருக்கு. தினமும் நான் இங்க கொண்டாறேன், தினமும் அது அங்க போகுது."

தியாகு தாடையைச் சொறிந்தார்.

"துரை வேலையா இருக்கும். ஒரு புத்தகம் எந்த பாஷையில பொறந்துச்சோ அந்த பாஷையோடதான் வைக்கணும்னு அடிச்சுச் சொல்லுவாராம். போன பிறகும் விடமாட்டேங்கிறாரு மனுஷன். செத்த பாஷைப் புத்தகத்தைத் தேடி வேற யாரு வரப்போறா? செத்தவங்கதான் வருவாங்க."

"விளையாடாதீங்கண்ணே. எனக்குக் குலை நடுங்குது."

"அன்னிக்கு லோரி கவுந்தப்பகூட நீ இப்படி நடுங்கலையே!"

அது உண்மைதான். புத்தகப் பெட்டிகளோடு இவர்கள் இருவரையும் ஏற்றி வந்த லோரி தெங்கேரா வளைவில் குடைசாய்ந்தபோது அவள் அழவில்லை. எழுந்து, பாவாடையில் ஒட்டிய தூசியைத் தட்டிவிட்டு, நேரே இங்கே வந்து வேலையைத் தொடங்கிவிட்டாள். பின்னாலேயே தியாகுவும் வந்து சேர்ந்தார்.

அவ்வளவு ஆசை அவளுக்கு இந்த வேலைமேல். நாடு சுதந்திரம் வாங்குவதற்குள் திறப்பு விழா. அதற்குள் துரையின் புத்தகங்களை வகைப்படுத்தி முடித்தால் வேலை நிரந்தரம் என்று கமிட்டித் தலைவர் வாக்குக் கொடுத்திருந்தார். நிரந்தரமாகிவிட்டால், குருபோங் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிக் கை காய்த்துப்போன அம்மாவை வீட்டில் உட்கார வைத்துச் சோறு போடலாம். பாழாய்ப்போன பேய் ஒன்று அதில் மண்ணைப் போடப் பார்க்கிறது!

"அண்ணே, தலைவருக்கு வணக்கம் சொன்னேன். காதுலயே போட்டுக்காம போறாரு. கவனிச்சீங்களா?"

"வேலை முடியலைன்னு கோபமா இருக்கும். பெரிய மனுஷங்க கோபம் அப்படித்தான்."

கமலவேணிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நாடகங்களை வாரி எடுத்து மறுபடியும் ஆங்கிலத் தட்டில் அடுக்கினாள்.

"துரையாவது, பேயாவது! நான் வச்ச இடம் வச்ச இடம்தான்."

அப்போதுதான் அந்த வாசனை வந்தது. முதலில் சாம்பிராணி. அதோடு கலந்து நெத்திலிக் கருவாட்டுச் சம்பலின் கார நெடி.

இருவரும் முன்கூடத்துக்கு வந்து எட்டிப் பார்த்தார்கள். ஆள் அரவமே இல்லை. ஜன்னல், கதவு எல்லாம் சாத்தியிருந்தது. நடு மேசையில் குத்துவிளக்கு எரிந்தது. அதன் முன்னால் இரண்டு தலைவாழை இலைகளில் சாப்பாடு பரிமாறியிருந்தது.

"அலமாக்! துரைக்குப் படையல் போட்டிருக்காங்க," என்று கிசுகிசுத்தார் தியாகு. "புத்தகம் இடம் மாறுற சங்கதி வெளியில தெரிஞ்சுபோச்சுபோல."

"ஒரு துரைக்கு எதுக்கு ரெண்டு இலை?"

"வெள்ளைக்காரன் ஒரு இலையோட எழுந்திருப்பானா?"

"சரி, கதவை ஏன் சாத்திட்டுப் போயிருக்காங்க?"

"இதுகூடத் தெரியாதா? படைச்சதும் எல்லாரும் வெளிய போய்க் கதவைச் சாத்திடணும். செத்தவங்க நிம்மதியா சாப்பிட வேணாமா? அப்புறம் மூணு தடவை தட்டிட்டுத்தான் திறக்கணும். சாப்பிட வந்தவங்க எழுந்து போக நேரம் குடுக்கணும்ல."

"அப்ப வாங்கண்ணே, ஓடிடலாம். துரை வந்துடப் போறாரு."

ஆனால் அவள் கால் நகரவில்லை. வயிறு கபகபவென்று எரிந்தது. கடைசியாக எப்போது சாப்பிட்டோம் என்று யோசித்தாள். நினைவுக்கு வரவில்லை. வீட்டுக்கு எப்போது போனோம் என்பதும் பிடிபடவில்லை. வேலை மும்முரம் அப்படி.

தியாகு ஒரு இலையின் ஓரத்திலிருந்து சின்ன டப்பா ஒன்றை எடுத்தார்.

"மூக்குப்பொடி! துரை பைப்புதானே பிடிப்பாரு?" என்றபடி ஒரு சிட்டிகை இழுத்தார். முகம் மலர்ந்தது. "அட, நான் போடுற அதே பொடி!"

"அண்ணே, சாமி குத்தம். வச்சிடுங்க," என்று சொன்னாளே தவிர, கமலவேணியின் விரலும் அடுத்த இலையில் இருந்த சம்பலைத் தொட்டு நாக்குக்குப் போய்விட்டது.

இனித்தது.

"அண்ணே... சம்பல்ல வெல்லம் போட்டிருக்கு."

"அதுக்கென்ன இப்போ?"

"மலாக்கா முழுக்கத் தேடினாலும் நெத்திலிச் சம்பல்ல வெல்லம் போடுறது எங்கம்மா ஒருத்திதான்."

தியாகுவின் கையிலிருந்த டப்பா நழுவி விழுந்தது.

வாசல் கதவை யாரோ தட்டினார்கள். ஒரு முறை. இன்னொரு முறை. மூன்றாவது முறையும்.

"கமலா..." வெளியே அம்மாவின் குரல் உடைந்து கேட்டது. "நீயும் தியாகு தம்பியும் வயிறாரச் சாப்பிட்டீங்களாம்மா? புத்தகத்தையெல்லாம் உன் இடத்துக்கு வந்த புதுப்பொண்ணு சரியாத்தான் அடுக்குதாம், நீ இனிமே மாத்தி வைக்காதே கண்ணு. நாங்க கதவைத் திறக்கப் போறோம்."