மழைத்தண்ணிக் குழாய்

"சாயங்காலத்துக்குள்ள இந்தக் கடைக்குச் சீல் வைக்கணும்!"

பாலத்தின் மேல் நின்று கத்திக்கொண்டிருந்தார் அடுக்குமாடிக் குடியிருப்பின் செயலாளர். ஆற்றைக் காப்பாற்றவே அவதாரம் எடுத்தவர் மாதிரி தொப்பி, கழுத்தில் விசில்.

கீழே, குடியிருப்பின் மழைநீர்க் குழாய் ஆற்றில் நுரை நுரையாகக் கக்கிக்கொண்டிருந்தது.

"அதுல மழைத்தண்ணி மட்டும்தான் வரணும். எதிர்க் கடைக்காரம்மா திருட்டுத்தனமா சோப்புத் தண்ணிய அதுல சேர்த்திருக்காங்க!"

அந்த எதிர்க் கடை லாண்ட்ரிக்காரம்மா நுரையை எட்டிப் பார்த்தாள். கடைக்குக் குழாய் போட்டது கொழுந்தன். பாதாளச் சாக்கடையில்தான் சேர்த்தேன் என்று சத்தியம் செய்திருக்கிறான். அவன் சத்தியம் செய்தாலே அவளுக்குப் பயம்தான்.

நகராட்சி ஆய்வாளர் பையிலிருந்து சாயப் பாட்டிலை எடுத்தார்.

"இதை உங்க கடைச் சாக்கடையில ஊத்துவேம்மா. அந்தக் குழாய்ல பச்சையா வந்தா, கடையை மூட வேண்டியதுதான்."

ஊற்றினார். எல்லோரும் பாலத்துக்கு ஓடி எட்டிப் பார்த்தார்கள்.

பத்து நிமிடம். அரை மணி. நுரை வெள்ளை வெளேரென்றே வந்தது.

கொழுந்தன் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு வேலையை உருப்படியாகச் செய்திருந்தான். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"சாயம் பத்தலைங்க!" செயலாளர் பாட்டிலைப் பிடுங்கினார். மூடி கழன்று, முழங்கைவரை பச்சை வழிந்தது.

ஆய்வாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஒரு சொட்டு போதும் சார், ஒரு தொட்டியே பச்சையாயிடும்!"

லாண்ட்ரிக்காரம்மாவுக்கே பாவமாகிவிட்டது. "வாங்க சார், என் கடையில கழுவிக்கோங்க. நல்ல சோப்பு இருக்கு."

"உங்க கடையிலயா? எனக்கு வீடு இருக்கும்மா!"

முகத்தைச் சுளித்துக்கொண்டு எதிரே தன் முதல் மாடி வீட்டுக்கு விறுவிறுவென்று ஏறிப்போனார்.

ஆய்வாளர் 'லாண்ட்ரி மீது தவறில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடப் போனவர், கீழே பார்த்துவிட்டு அப்படியே நின்றார்.

நுரை கிளிப்பச்சையாக வந்துகொண்டிருந்தது.

மேலே ஜன்னல் திறந்தது. செயலாளர் துண்டால் கையைத் துடைத்தபடி ஆர்வமாக எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா, பச்சை வந்துடுச்சா?"

லாண்ட்ரிக்காரம்மா, ஒரு பொட்டு மேகம்கூட இல்லாத வானத்தை அண்ணாந்து பார்த்தாள்.

"வந்துடுச்சு சார். உங்க பாத்ரூம்ல நல்ல மழை போல!"