சட்டை ரெடி

ஒரு சலவைக் கடையில் பில் போடும் இயந்திரம் ஒன்று இருந்தது. துணி தயாரானால் முதலில் அதற்குத்தான் தெரியும். ஆனால் வாடிக்கையாளரிடம் சொல்ல வழியில்லை. ஒரு நாள் அதை எங்கோ தூரத்திலிருந்த மின்னஞ்சல் இயந்திரத்தோடு இணைத்தார்கள்.

“ரகசியச் சொல்லைச் சொல்லு,” என்றது மின்னஞ்சல் இயந்திரம்.

பில் இயந்திரம் தயங்கித் தயங்கிச் சொன்னது.

“சரி, நம்ம ஆள்தான். என்ன அனுப்பணும்?”

“எழிலரசன் சட்டை ரெடி. சாயங்காலம் அவருக்கு இண்டர்வியூ, அண்ணே.”

போன வேகத்தில் மின்னஞ்சல் திரும்பி வந்துவிட்டது. “அப்படி ஒரு முகவரியே இல்லையாம். சரியாப் பாரு.”

பில் இயந்திரம் பழைய பில்லைத் தேடிப் பார்த்து, விட்டுப்போன ஓர் எழுத்தைச் சேர்த்துக் கொடுத்தது.

“இப்போ போய்ச் சேர்ந்துடுச்சு,” என்றது மின்னஞ்சல் இயந்திரம்.

சற்று நேரத்தில் எழிலரசன் மூச்சிரைக்க வந்தார். சட்டையை அங்கேயே மாற்றிக்கொண்டு கிளம்பினார். பில் இயந்திரத்துக்கு மனசு நிறைந்துபோனது. யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது.

“அண்ணே, அவர் வந்து சட்டையைப் போட்டுக்கிட்டே போயிட்டார்.”



“தினமும் லட்சம் பேருக்கு அனுப்பறேன், தம்பி. அப்புறம் என்ன ஆச்சுன்னு யாரும் வந்து சொன்னதில்லை,” என்ற மின்னஞ்சல் இயந்திரம், ஆசையாகக் கேட்டது: “என்ன கலர் சட்டை?”