அப்பாவின் அரை மணி நேரம்

"எதையும் திறந்து பார்க்காதீங்கண்ணா. உள்ளே இருக்கறதை மொத்தமா அழிச்சிடுங்க. அம்மா வர்றதுக்குள்ள."

மெக்கானிக் தலையாட்டிவிட்டு, கம்ப்யூட்டரின் ஒயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். இப்படிச் சொல்கிறவர்களை நிறையப் பார்த்தவர் போலிருந்தது.

அப்பா போய் நாற்பது நாளாகிவிட்டது. எண்பது வயதில், தூக்கத்திலேயே, ஒருவருக்கும் தொந்தரவில்லாமல் போனார். அப்பழுக்கில்லாத மனுஷர் என்று துக்கத்துக்கு வந்த அத்தனை பேரும் சொன்னார்கள். மகளுக்கு மட்டும் அந்தச் சொல் ஒவ்வொரு தடவையும் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது.

தினமும் ஐந்து மணிக்கு அப்பா இந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். கம்ப்யூட்டர் ஓடும் சத்தம் வெளியே கேட்கும். யாராவது கதவைத் தள்ளினால் திரை இருட்டாக இருக்கும். "இப்பதான் மூடினேன்" என்பார். சரியாக அரை மணி கழித்து, கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தபடி வெளியே வருவார்.

அண்ணனிடம் போனில் கேட்டாள். "அந்த வயசுல என்னடி இருந்திருக்கப் போகுது? தோண்டாம வித்துத் தொலை" என்றான். தோண்டாமல் என்று அவன் சொன்னதே அவளை இரண்டு நாள் தூங்கவிடவில்லை.

மேல்மாடித் தையல்காரர் கம்ப்யூட்டரை விலைக்கு வாங்கி, சாயங்காலம் வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். இஸ்திரித் துணியை வாங்கிவர அம்மாவை அனுப்பியாயிற்று. ஐம்பத்து நாலு வருஷம் அவரோடு குடித்தனம் நடத்தியவள், இப்போது போய் எதையாவது பார்த்துவிட்டால் தாங்க மாட்டாள்.

"மூடிக்கு ஒரு ஸ்க்ரூகூட இல்லையே," என்றார் மெக்கானிக். லேசாகத் தள்ளியதும் பக்கத்து மூடி கையோடு வந்தது. அதைத் தட்டினார். "செத்த எறும்பாக் கொட்டுது. எல்லாம் பழசு, தூளாப் போச்சு."

"முன்னாடி மேசைக் கால்ல வரிசை கட்டி ஏறும்ணா. அம்மா மருந்து போட்டுப் போட்டுச் சலிச்சுட்டா. அப்புறம் அதுவா நின்னுபோச்சு."

மெக்கானிக் உள்ளே ஊதினார். தும்மினார். பிறகு டார்ச்சை அடித்துப் பார்த்தபடி அசையாமல் இருந்தார்.

"என்னண்ணா?"

"அழிக்கறதுக்கு ஒண்ணுமில்லைம்மா. எல்லாத்தையும் சேர்த்து வெக்கிற ஹார்டு டிஸ்க்கே இல்லை. வெறும் காத்தாடிதான் சுத்திக்கிட்டு இருந்திருக்கு."

அது இருக்க வேண்டிய இடத்தில் ஒரு தகர டப்பா, அளவெடுத்துச் செய்த மாதிரி உட்கார்ந்திருந்தது. மெக்கானிக் அதை உருவி அவளிடம் கொடுத்தார். திறந்தாள். பளபளப்புக் காகிதம் சுற்றிய மிட்டாய்கள், பாதி டப்பாவுக்கு.

அவளுக்கு மூச்சு வந்தது. அப்புறம் சிரிப்பு வந்தது. கடைசியில் கோபம் வந்தது. அப்பா சர்க்கரை நோயாளி. அவருக்காக அம்மா வீட்டில் சீனி டப்பாவையே ஒழித்துக்கட்டி, தன் காபியையும் கசப்பாகவே குடித்தாள். கடைசி ஏழெட்டு வருஷம் ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்க்கும்போதெல்லாம் டாக்டர், "கட்டுப்பாடுன்னா இவர்கிட்ட கத்துக்கணும்" என்பார். அப்பாவும் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொள்வார்.

"யாருக்கு மிட்டாய்?"

இஸ்திரித் துணியோடு அம்மா வாசற்படியில் நின்றாள். மகள் டப்பாவை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், பிறகு மனம் கேளாமல் முன்னால் நீட்டினாள்.

"பாரும்மா உன் வீட்டுக்காரர் லட்சணத்தை. கம்ப்யூட்டருக்குள்ள ஒளிச்சு வெச்சுத் தின்னிருக்கார். இத்தனை வருஷம் உன்னை நல்லா ஏமாத்தியிருக்கார்!"

அம்மா துணியை நாற்காலியில் வைத்தாள். டப்பாவுக்குள் எட்டிப் பார்த்தாள். ஒரு மிட்டாயின் காகிதம் பிரிந்திருந்தது. அதை எடுத்து, முனைகளை இரண்டு விரலால் முறுக்கி, இருந்த இடத்திலேயே வைத்தாள்.

"எறும்பு மொய்க்குதா பாரு," என்றாள்.

"இல்லையே."

"மொய்க்காது. ஏழு வருஷமா சர்க்கரை இல்லாத மிட்டாயைத்தான் அந்தக் காகிதத்துல சுத்தி வெக்கிறேன்."