முதல் ரெக்கார்டின் கடைசி நிமிடம்

ஒரு ராக் குழுவின், இரண்டு இசைத்தட்டுகள் கொண்ட இரட்டை ஆல்பத்தைப் பற்றி இணையத்தில் ஆளாளுக்கு ஒன்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். 'ஒரே ரெக்கார்டில் முடித்திருக்கலாம், ஒரே இழுவை' என்றார் ஒருவர். 'முதல் ரெக்கார்டு முடியும்போது ஒரு நிமிஷம் யாரோ கதவைத் தட்டிக்கிட்டே இருக்காங்க, எதுக்குன்னே தெரியல' என்றார் இன்னொருவர். அதைப் படித்த ஜெரால்டுக்குச் சுருக்கென்றது. சேர்ந்து வாழ்ந்த மெர்லினும் அவனும் பிரிந்தபோது ஆளுக்கொரு ரெக்கார்டாக எடுத்துக்கொண்டதில் அவனுக்கு வந்தது அந்த முதலாவதுதான். 'திறக்கிறவரைக்கும் தட்டத்தான் செய்வாங்க' என்று வெடுக்கென எழுதிப் போட்டான். கொஞ்ச நேரத்தில், பெயர் போடாத யாரோ அதற்குக் கீழே எழுதியிருந்தார்கள்: 'என்கிட்ட ரெண்டாவது ரெக்கார்டு மட்டும்தான் இருக்கு. தாழ்ப்பாள் திறக்கிற சத்தத்தோட ஆரம்பிக்கும். வந்தது யாருன்னுதான் இன்னிவரைக்கும் தெரியல.' ஜெரால்டு தன் ரெக்கார்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பி, மெர்லின் வீட்டு வாசலில் போய்த்தான் நின்றான். ரெக்கார்டில் கேட்ட அதே தாளத்தில், பிசகாமல் தட்டினான். உள்ளே ரெக்கார்டு பிளேயரின் ஊசி கரகரத்தது. பிறகு தாழ்ப்பாள் விலகும் சத்தம். அது ரெக்கார்டிலிருந்து வந்ததா, கதவிலிருந்தா என்று அவனுக்குத் தெரியவில்லை. எதற்கும் இருக்கட்டுமென்று செருப்பைக் கழற்றினான்.