நீர்நாய்க்குச் சொந்தக்காரர்

“மேடம், உங்க நீர்நாயோட சொந்தக்காரர் வந்துட்டார்!”

ஆய்வக உதவியாளர் வேண்டுமென்றே சற்று உரக்கச் சொன்னாள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே லாரி ஓட்டுநர் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

“உள்ளே வரச் சொல்லு. கோட்டும் தலையுறையும் கொடு” என்றார் ஆய்வகத் தலைவி, நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“வாரா வாரம் வர்றாரே, வேற வேலையே இல்லையா இவருக்கு?”

“அஞ்சு நிமிஷம்தானே. பார்த்துட்டுப் போகட்டும்.”

“எங்கம்மா வந்தப்போ வாசலோட திருப்பி அனுப்பினீங்க. கிருமி வந்துடும்னு.”

“ஞாபகம் இருக்கு.”



காட்டு விலங்குகளின் தோலிலிருந்து ஸ்டெம் செல் உருவாக்கும் ஆய்வகம் அது. கடுகளவு தோல் போதும். அதில் வளரும் செல்களைக் கருவில் இருந்த நிலைக்குத் திருப்பிவிடுவார்கள். பிறகு அவற்றை இதயச் செல்லாகவோ நரம்புச் செல்லாகவோ வளர்த்தெடுத்தால், காட்டில் திரியும் விலங்கைத் தொந்தரவு செய்யாமலேயே அதன் நோய்களை ஆராயலாம்.

ஆற்றோரச் சாலையில் இந்த ஓட்டுநரின் லாரியில் ஒரு நீர்நாய் அடிபட்டது. தன் போர்வையில் சுற்றிப் பக்கத்து இருக்கையில் கிடத்தி, கால்நடை மருத்துவமனைக்கு விரைந்தார். வழியிலேயே அது இறந்துவிட்டது. அங்கிருந்த மருத்துவர் அதன் காதோரத் தோலைச் சிறிது எடுத்து இங்கே அனுப்பிவைத்தார். அன்றிலிருந்து ஓட்டுநர் லாரியில் ஏறவில்லை. சாவியைத் தொட்டாலே கை நடுங்குகிறதாம்.

தலைவி எழுந்து இடம் கொடுக்க, ஓட்டுநர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நுண்ணோக்கியில் குனிந்து, தட்டில் இருந்த இதயச் செல்களைப் பார்த்தார்.

“துடிக்குது டாக்டரம்மா!”

“ம்.”

“போன வாரத்தைவிட ஜோரா துடிக்குதோ?”

“நல்லாத்தான் இருக்கு. நீங்க ஒழுங்கா சாப்பிடறீங்களா?”

“இப்பல்லாம் சாப்பிடறேன்மா. தூக்கம்கூட கொஞ்சம் வருது.”

அவர் போனதும் உதவியாளர் பொருமினாள். “அடுத்த வாரம் தொட்டில் கட்டச் சொல்வார், பாருங்க.”

தலைவி சிரிக்கவில்லை. தட்டைத் தானே எடுத்துக்கொண்டு போய்த் தன் செல் வளர்ப்புப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். நீர்நாய் வேலையை மட்டும் அவர் யார் கையிலும் கொடுத்ததில்லை.

ஒரு கையுறை கிழிந்திருந்ததற்காக ஒரு வார வேலையையே குப்பையில் போடச் சொன்னவர் இவர். ‘சட்டமெல்லாம் நமக்குத்தான். கும்பிடு போடுறவங்களுக்குக் கதவு தானா திறக்கும்’ என்று அவள் மனத்துக்குள் நொடித்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் தலைவி ஒரு கூட்டத்துக்காக வெளியூர் போயிருந்தார். அன்று பார்த்து ஓட்டுநர் வந்து நின்றார். சட்டை புதிது. முகத்தில் மழித்த தடம்.

“டாக்டரம்மா இல்லையா?”

“இல்லை. அவங்க வந்தப்புறம் வாங்க.”

“அது வந்துங்கம்மா… இன்னிக்கு சாயங்காலம் லோடு ஏத்தறாங்க. முதலாளி கூப்பிட்டார், சரின்னு சொல்லிட்டேன். வீட்டுக்காரி அழுதுட்டா, சந்தோஷத்துல. ஆனா வண்டிகிட்டப் போனதும் மறுபடி கை உதற ஆரம்பிச்சிருச்சு. அதை ஒரே ஒரு தடவை பார்த்துட்டா ஏறிடுவேன்.”

விரல்களை மறைக்க அவர் இரண்டு கைகளையும் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டார்.

“கொஞ்சம் இருங்க” என்றாள் அவள்.

மாற்றுச் சாவியால் பெட்டியைத் திறந்தாள். தட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு ஓட்டுநரின் காதில் விழாத தூரத்துக்குப் போய், தலைவியைக் கைபேசியில் அழைத்தாள்.

“மேடம், அவர் வந்திருக்கார். நீர்நாய்த் தட்டு எங்கே? காணோமே?”

“கீழ் அடுக்கில் நீல மூடி போட்டது இருக்கும். அதைக் காட்டு.”

“அது முள்ளம்பன்றி மேடம்.”

“தெரியும்.”

“அப்போ நீர்நாய்?”



“அது ஒண்ணுகூடப் பிழைக்கலைம்மா. தோல் நம்ம கைக்கு வரும்போதே கெட்டுப்போயிருந்தது. முதல் நாள் அவர் வந்து, ‘உசிரோட இருக்கா’ன்னு கேட்டார். இல்லைன்னு சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அந்த மனுஷன் முகத்தைப் பார்த்தேன்…”

“நீங்களா மேடம் இப்படி?”

“தப்புதான். உனக்கு மனசு ஒப்பலைன்னா உண்மையைச் சொல்லிடு. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.”

அவள் கைபேசியை அணைத்தாள். நீல மூடித் தட்டை எடுத்து வந்தாள். நுண்ணோக்கியின் கீழ் வைத்து, கூர்மை சரிசெய்து, கழற்றிய மூடியைக் கையில் பிடித்தபடி விலகி நின்றாள்.

ஓட்டுநர் வெகுநேரம் பார்த்தார். அவருடைய கைகள் மெல்லப் பைகளிலிருந்து வெளியே வந்து மேசையின் விளிம்பில் அமைதியாகப் படிந்தன.

பிறகு தலையைத் தூக்காமலே கேட்டார்.

“ஏம்மா, டாக்டரம்மா நல்லவங்க. என் மனசு நோகக் கூடாதுன்னு எதையாச்சும் சொல்லுவாங்க. ஆனா நீங்க கறாரான ஆளு, முதல் நாளிலேருந்தே என்னைக் கண்டா உங்களுக்குப் பிடிக்காது. அதனால உங்களைத்தான் கேக்கறேன். இது நெசமாவே அந்த நீர்நாய்தானா?”

மூடியில் எழுதியிருந்த பெயரைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு அவள் சொன்னாள்:

“அதேதாண்ணே. பார்த்துப் போயிட்டு வாங்க.”