காயமில்லாமல் வந்த குரல்

ஒரு நுரையீரலின் உட்சுவரில் செல்கள் எல்லாம் கைகோத்து, இடைவெளி விடாமல் நின்றிருந்தார்கள். எங்காவது காயம் பட்டால் "வாங்கடி" என்று ஒரு குரல் வரும். கேட்டவர்கள் கையை விட்டு நகர்ந்துபோய்ப் புண்ணை மூடுவார்கள். மூடியதும் மறுபடி கைகோத்துக்கொள்வார்கள். அங்கே அதுதான் வழக்கம்.

அன்றைக்கும் குரல் வந்தது. அந்த வரிசையில் நின்ற சின்னவள் ஒருத்தி சுற்றிலும் பார்த்தாள். எங்கும் ஒரு கீறல்கூட இல்லை.

"காயம் எங்கக்கா?" என்று பக்கத்தில் நின்றவளைக் கேட்டாள்.

"கூப்பிடுதுல்ல, போகணும்" என்றாள் அக்கா. அவள் பிடி நழுவியது. செங்கல் மாதிரி கட்டையாக இருந்த உடம்பு நூலாக நீண்டது.

"காயமே இல்லாம எங்க போற?"

அக்கா திரும்பினாள். அது அவள் முகமாகவே இல்லை. காலடித் தரையை அரித்து ஓட்டை போட்டு, கீழே ஓடிய ரத்தத்துக்குள் இறங்கிப் போய்விட்டாள்.

சின்னவள் அந்த ஓட்டையைக் குனிந்து பார்த்தாள். இப்போது சுவரில் ஒரு காயம் இருந்தது.

உள்ளேயிருந்து குரல் வந்தது. அக்காவின் குரல்.

"வாடி."

சின்னவளின் விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன.