உதடு கிழிந்த கெண்டை

"மாமா, இதுக்கு வாய் வலிக்காதா?" என்று ஒரு குழந்தை முன்பொரு நாள் கேட்டது. தூண்டிலில் மாட்டிய கெண்டையோடு படம் எடுத்துக்கொண்டிருந்த அதன் அப்பா சிரித்தார். பரிசலில் அவர்களைக் கூட்டிவந்த மாதையன் முள்ளைக் கழற்றி மீனைத் தண்ணீரில் விட்டான். பிடித்து, படம் எடுத்து, திரும்ப ஆற்றில் விடுவதுதான் அங்கே வழக்கம். புதுவெள்ளத்திலும் பனிக்காலத்திலும் வந்த தூண்டில் வீரர்கள் பலரும் உதடு கிழிந்த அதே கெண்டையைத்தான் பிடித்தார்கள். ஆற்றையே வென்றதுபோல் மீசையை முறுக்கினார்கள். அவர்கள் தந்த பரிசல் கூலியில் மாதையன் வீட்டில் உலை கொதித்ததும் அந்த மீனால்தான்.

கோடையில் ஆறு வற்றி, கெண்டை முழங்கால் ஆழக் குட்டையில் சிக்கியது. எட்டிப் பார்த்த ஒருவர், "இங்கயே தூண்டில் போடுறேம்ப்பா, ஈஸியா மாட்டும்" என்றார்.

"அதுக்குத் தூண்டில் எதுக்குங்க சார்? வீட்டுல இருந்து முறத்த எடுத்தாந்திருக்கலாமே" என்றான் மாதையன்.

"திமிரா? நாளைக்கு வேற ஆளக் கூட்டிட்டு வந்து பிடிக்கிறேன் பாரு!"

அவருடைய ஜீப் மறைந்ததும் மாதையன் வேட்டியை அவிழ்த்து நனைத்தான். மீனை அதில் சுற்றி, பச்சைப்பிள்ளையைப்போல் மார்போடு அணைத்து, கொதிக்கும் பாறைகள்மேல், தண்ணீர் வற்றாத மடுவரை ஓடினான். ஆழத்தில் இறங்கி, செவுள் அசையும்வரை இரு கைகளிலும் தாங்கி நின்றான். கை வெறுமையானதும், மீன் போன திசையைப் பார்த்துக் கும்பிட்டான்.